தண்டையார்பேட்டை வீடு

குட்டி: பாபு அண்ணா, லேப்டாப்பில் கேம் போட்டால் பத்து நிமிடத்தில் இழுக்கிறது. டிஸ்க்கும் ஃபுல். பெரியப்பா 6,000 தருகிறேன் என்றார். எஸ்எஸ்டி வாங்கவா, ராம் வாங்கவா?

பெரியப்பா: 5,000.

பாபு அண்ணன்: முதலில் ராம்தான், ஓடுகிற புரோகிராமைத் தற்காலிகமாக வைக்கிற மெமரி. போன வாரம் பின்மூடியைக் கழற்றிப் பார்த்தேனே, 8 ஜிபி ஒரே ஸ்டிக், பக்கத்து ஸ்லாட் காலி. விண்டோஸும் பிரவுசருமே பாதியை எடுத்துக்கொள்கின்றன. மீதியில் கேம் அடங்காமல், டிஸ்க்கில், அதாவது எஸ்எஸ்டியில், வைத்து வைத்து எடுக்கிறது. அந்த இழுவைதான் இது. இன்னொரு 8 போட்டால் 16, இரண்டும் சேர்ந்து டூயல் சேனலில், ஒரே நேரத்தில் இரண்டு வழியில், ஓடும். வகை டிடிஆர்4, வேகம் 3200, லேப்டாப் சைஸ் என்று கேள். டிடிஆர்5 வாங்கிவிடாதே. நடுவில் இருக்கிற வெட்டு இடம் மாறியிருக்கும், உள்ளேயே இறங்காது.

வியாசர்பாடி அத்தை: எஸ்எஸ்டி வாங்கினால் நைனா படம் எல்லாம் அதில் ஏற்றலாமா பாபு?

பெரியப்பா: பழைய டிஸ்க் இருந்திருந்தால் ஏற்றலாம்.

வியாசர்பாடி அத்தை: 2023 டிசம்பர் மழையில் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். அம்மாவைத் தூக்குவேனா, டிஸ்க்கைத் தூக்குவேனா அண்ணா?

சித்தி: விடுங்கள். என் போனில் 40 படம் இருக்கிறது.

பாபு அண்ணன்: அத்தை, அந்த 40ஐயும் கேம் டிஸ்க்கில் வைக்க வேண்டாம். தனி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, வேறு வீட்டில் இன்னொரு காப்பி.

குட்டி: எஸ்எஸ்டி?

பாபு அண்ணன்: அப்புறம். இருப்பதே என்விஎம்இ என்கிற வேகமான எஸ்எஸ்டி, 512 ஜிபி. 1 டிபி போட்டால் இடம் கிடைக்கும், கேம் வேகம் ஏறாது. உன் இரண்டாவது எஸ்எஸ்டி ஸ்லாட்டில் ஸ்க்ரூ துளை 42 மி.மீ.யில் இருக்கிறது. கடையில் சாதாரணமாக எடுத்துத் தருவது 80 மி.மீ. நீளம். சொல்லி வாங்காவிட்டால் மாட்ட முடியாது.

காசிமேடு மாமா: ஞாயிறு நல்ல வஞ்சிரம் வருது. யாருக்கு எத்தனை கிலோ?

வியாசர்பாடி அத்தை: ஞாயிறு நைனா திதி!

காசிமேடு மாமா: மறந்துட்டேன்மா. மன்னிச்சுக்கோ.

குட்டி: திதி முடிந்ததும் ராம் வாங்க ரிச்சி தெரு போகலாமா அண்ணா?

பாபு அண்ணன்: ஞாயிறு அங்கே பெரும்பாலும் ஷட்டர் இறங்கியிருக்கும். சனி மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறிக் கிடக்கிறது, ஏஐ கம்பெனிகள் சிப்பை எல்லாம் அள்ளுகின்றன. 5,000 போதுமா என்று நாலு கடை கேட்டுத்தான் பார்க்க வேண்டும்.

பெரியப்பா: சனி பாபு எனக்கு வேண்டும். இலை, காய் வாங்கணும்.

குட்டி: நான் மட்டும் போகவா?

பாபு அண்ணன்: தனியாக வேண்டாம். ராத்திரி வருகிறேன், பழைய ஸ்டிக்கில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்துக்கொள்வோம். நான் வருவதற்குள் மூடியைத் திறக்காதே, பேட்டரி ஒயரைப் பிடுங்கிவிட்டுத்தான் தொடணும். பெரியப்பா, இலை எத்தனை?

பெரியப்பா: தங்கச்சி வந்தால் 25.

வியாசர்பாடி அத்தை: டிஸ்க் பேச்சு வராது என்றால் வருகிறேன்.

பெரியப்பா: 25 வாங்கு பாபு.