தராசு, தங்கம், சிலிண்டர்: முத்திரையும் அளவும் பற்றி நமக்கு நேர்ந்தவை

மளிகைக் கடைக்காரர், பாளையங்கோட்டை

கடை வைத்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. எலக்ட்ரானிக் தராசுக்கு வருடம் ஒரு முறை அரசின் சரிபார்ப்பு முத்திரை, எடைக்கல்லுக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை. தவறாமல் போட்டுவிடுவேன், அதற்கு மேல் அதைப் பற்றி யோசித்ததில்லை.

போன வருடம் வந்த முத்திரை ஆய்வாளர் பத்து கிலோ கல்லைத் தட்டின் நடுவில் வைத்தார். 10.000 என்று காட்டியது. சரி, முடிந்தது என்று நினைத்தேன். அவர் அதே கல்லை நான்கு மூலைக்கும் மாற்றி மாற்றி வைத்தார். மூன்று மூலையில் சரியாக இருந்தது. சுவர்ப் பக்க மூலையில் மட்டும் 10.030, முப்பது கிராம் கூடுதலாகக் காட்டியது.

எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. அரிசி அள்ளிப் போடும்போது பை அந்த மூலையில்தான் சாய்ந்து நிற்கும். எத்தனை மாதமாக, எத்தனை வீட்டுக்குக் குறைத்துக் கொடுத்தேனோ! தராசு மெக்கானிக்கை வரவழைத்து, கழற்றிச் சரிபார்த்து, மறுபடியும் கல் வைத்து, கம்பியில் ஈய முத்திரை அடித்த பிறகுதான் வியாபாரம் தொடங்கினேன். இப்போது காலையில் விளக்கேற்றியதும் இரண்டு கிலோ கல்லை நான்கு மூலையிலும் வைத்துப் பார்க்கிறேன். ஒரு நிமிடம்கூட ஆகாது.

உங்களுக்கு நேர்ந்ததையும் எழுதுங்கள்.

இல்லத்தரசி, ஈரோடு

அண்ணாச்சி, நீங்கள் தெரியாமல் நடந்ததற்கே இவ்வளவு வருந்துகிறீர்கள். எனக்கு நடந்ததைக் கேளுங்கள்.

மகளுக்கு மூன்று பவுனில் ஒரு சங்கிலி வாங்கினோம். 2021 ஜூனிலிருந்து ஹால்மார்க் படிப்படியாகக் கட்டாயம், 2023 ஏப்ரலுக்குப் பிறகு எழுத்தும் எண்ணும் கலந்து மொத்தம் ஆறு இலக்கத்தில் தனி அடையாளம் இல்லாமல் ஹால்மார்க் நகை விற்கவே கூடாது என்பது தெரியும். கொக்கிக்குப் பக்கத்தில் முத்திரை இருந்தது, 22கே916 என்றும் இருந்தது, அதாவது 22 காரட், ஆயிரத்தில் 916 பங்கு தங்கம். திருப்தியாக வந்துவிட்டோம்.

வீட்டில் மகள்தான் லென்ஸ் வைத்து அந்த ஆறையும் படித்து, ஹால்மார்க் தரும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டாள். நகை வகை என்ற இடத்தில் மோதிரம் என்று வந்தது. கையில் இருப்பது சங்கிலி! கடையில் கேட்டபோது, "பதியும்போது மாறியிருக்கும்மா, டச் குறையாது" என்றார்கள். டச் என்றால் தங்கத்தின் தூய்மை. மனசு கேட்கவில்லை. அங்கீகாரம் பெற்ற வேறொரு ஹால்மார்க் மையத்தில் 200 ரூபாய் கட்டிச் சோதிக்கக் கொடுத்தோம். 916 இருக்க வேண்டிய இடத்தில் 840. 24 கிராமில் கிட்டத்தட்ட 1.8 கிராம் சொக்கத் தங்கம் இல்லை.

அந்த அறிக்கையோடு போனதும் கடையின் பேச்சே மாறிவிட்டது. தூய்மை குறைந்தால் குறைந்த மதிப்பைப் போல இரண்டு மடங்கும் சோதனைச் செலவும் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. அதைச் சொல்லித்தான் வாங்கினோம். பில் இல்லாமல் இருந்திருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. அக்கா தங்கைகளே, செய்கூலி சேதாரம் பேசுகிற நேரத்தில் பாதியையாவது அந்த ஆறு எழுத்துக்குக் கொடுங்கள். கடையிலேயே, பணம் கட்டுவதற்கு முன்பே பாருங்கள்.

லேத் பட்டறை, கோவை

எங்களுக்கு நடந்தது வேறு மாதிரி. இரண்டு பாகங்களுக்கு நடுவே இடைவெளிக்கு வைக்கும் 100 மில்லிமீட்டர் நீள இரும்பு ஸ்பேசர் 200 உருப்படி கடைந்து அனுப்பினோம். நீளம் இருபது மைக்ரானுக்கு மேல் மாறக் கூடாது; ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நீளம் குறைவு என்று அத்தனையும் திரும்பி வந்துவிட்டது. நீளம் அளக்கும் மைக்ரோமீட்டர்தான் கெட்டுவிட்டது என்று, ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் என்ஏபிஎல் வாரியத்தின் அங்கீகாரம் உள்ள கேலிபரேஷன் லேபுக்கு, அதாவது அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் இடத்துக்குக் கொண்டுபோனேன்.

அங்கே உள்ளே போனாலே குளிரும். வருடம் முழுக்க 20 டிகிரி. நீள அளவுக்கு உலகம் முழுக்க அந்த வெப்பநிலைதான் கணக்கு. எங்கள் மைக்ரோமீட்டரை அப்படியே கிரானைட் மேசையில் ஆற விட்டார்கள். மறுநாள்தான் கையுறை போட்டு, துல்லியமான நீளம் கொண்ட எஃகுக் கட்டையான ஸ்லிப் கேஜ் வைத்து அளந்தார்கள். கருவியில் ஒரு தப்பும் இல்லை. அங்கிருந்த தம்பி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "லேத்திலிருந்து எடுத்த சூட்டோடு அளந்தீர்களா, அண்ணா?"

அதுதான் விஷயம். 100 மில்லிமீட்டர் இரும்பு ஒரு டிகிரிக்கு ஒரு மைக்ரானுக்குச் சற்று மேல் நீளும். இருபது டிகிரி சூடாக இருந்தால் 23 மைக்ரான். சூட்டில் சரியாக இருந்த ஸ்பேசர் ஆறியதும் சுருங்கிவிட்டது.

லேப் கொடுத்த சான்றிதழில் அந்தத் தம்பி இன்னொன்றையும் காட்டினார். அவர்களுடைய ஸ்லிப் கேஜை எதோடு ஒப்பிட்டார்கள், அதை எதோடு என்று படிப்படியாக ஏறி, தில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் வரை போகிறது. அண்ணாச்சி, உங்கள் கல்லுக்கும் அப்படித்தான். ஆய்வாளர் கொண்டுவந்த கல்லை அதற்கு மேலே ஒன்றோடு சரிபார்த்திருப்பார்கள், அதை இன்னும் மேலே ஒன்றோடு. முன்பு உலகத்துக்கே ஒரு கிலோவுக்கு வரையறையாக இருந்த உருளையின் நகல்களில் நம் நாட்டுக்கு வந்த 57ஆம் எண் உருளை தில்லியில்தான் இருக்கிறது. 2019 மே 20 முதல் கிலோவின் வரையறை எந்த உருளையையும் நம்பி இல்லை, இயற்கையில் மாறாத ஓர் அளவான பிளாங்க் மாறிலியை வைத்துத்தான். பாளையங்கோட்டையில் ஒரு கிலோ பருப்பு நிறுப்பதற்குப் பின்னால் இவ்வளவு பேரின் வேலை இருக்கிறது என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

தனியார் நிறுவன ஊழியர், திருச்சி

என்னுடையது சின்னது. கேஸ் சிலிண்டர் வந்தால் தராசில் தொங்கவிட்டுக் காட்டச் சொல்வேன். காலி எடை கைப்பிடியை ஒட்டி எழுதியிருக்கும், அதோடு 14.2 கிலோவைக் கூட்டினால் கணக்கு. ஒரு தடவை ஒன்றரை கிலோ குறைந்தது. கொண்டுவந்த தம்பியே பதறிப்போய் வேறு சிலிண்டர் இறக்கினார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை, பாவம்.

மளிகைக் கடைக்காரர், பாளையங்கோட்டை

கோவைத் தம்பி சொன்னதைப் படித்துவிட்டுக் கல் இருக்கும் பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஒரு கிலோ கல்லின் அடியில் பழைய எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருந்தது. துடைத்து வைத்துவிட்டேன். இந்த மாதமே எல்லாக் கல்லையும் சரிபார்க்கக் கொண்டுபோகிறேன், முத்திரைக்கு இன்னும் எட்டு மாதம் இருக்கிறது என்றாலும்.