பூநாரைகள் எழுந்து பறக்கும் படம்: படகை அருகே விடச் சொல்லலாமா?

ஆரம்பாக்கம் குமார்:
பொங்கல் விடுமுறையில் பழவேற்காடு ஏரிக்குப் போகிறேன். பூநாரைக் கூட்டம் மொத்தமாக எழும் படம் ஒன்றாவது வேண்டும். படகை வேகமாகக் கூட்டத்துக்குள் விடச் சொன்னால் படம் நிச்சயம் என்கிறார் நண்பர். செய்யலாமா? வேறு வழி உண்டா?

சூளூர்ப்பேட்டை ரவி:
தம்பி, தயவுசெய்து வேண்டாம். நிற்கும்போது வெளிறித் தெரியும் பறவை அது. சிறகை விரித்தால்தான் செம்மையும் கறுப்பும் வெளிப்படும். அந்த நிறத்தின் மேல் எனக்கும் தீராத ஆசை உண்டு. ஆனால் பூநாரையால் நின்ற இடத்திலிருந்து எழ முடியாது. தண்ணீரில் ஓடி வேகம் பிடிக்க வேண்டும். அலகைத் தலைகீழாக அமிழ்த்தி, நாக்கால் நீரை இழுத்துத் தள்ளி, சிற்றுயிர்களை வடித்துத் தின்கிறது. அப்படி வயிறு நிரம்ப வெகு நேரம் ஆகும். ஒரு படகு துரத்தினால் மேய்ச்சல் நின்றுவிடும். அடுத்த படகும் துரத்தினால்? நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது.

இங்கிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலை ஏரியைக் குறுக்கே கடக்கிறது. விடிந்ததும் வாருங்கள். காரை ஓரங்கட்டி, இறங்காமல், ஜன்னலில் அரிசி நிரப்பிய துணிப்பையை வைத்து அதன் மேல் லென்ஸைச் சாய்த்துக்கொள்ளுங்கள். தை மாத வெயில் தெற்கே சாய்ந்திருக்கும். சாலைக்கு வடக்கே மேயும் பறவைகள் மேல் நல்ல வெளிச்சம் விழும். காற்றை எதிர்த்துத்தான் அவை எழும். கிழக்கிலிருந்து காற்று அடித்தால் உங்களுக்கு வலப்பக்கமாக ஓடும். ஷட்டர் வேகத்தை 1/2000 நொடியில் வைத்துக் காத்திருங்கள்.

இன்னொன்று. கூட்டமாகக் கழுத்தை நிமிர்த்தித் தலையை இடமும் வலமும் திருப்பத் தொடங்கினால் கண்ணை எடுக்காதீர்கள். இணை தேடும் ஆட்டம் அது. நின்ற இடத்திலேயே சிறகை முழுதாக விரித்துக் காட்டும். துரத்தி எடுத்த எந்தப் படத்திலும் அந்த அழகைக் காண முடியாது.

பழவேற்காடு மேரி:
எங்கள் வீட்டில் படகு ஓட்டுகிறார்கள். வாடகை கொடுப்பவர் "கிட்டப் போ" என்றால் மறுப்பது கடினம். ஏறும்போதே "தள்ளியே நிறுத்துங்கள் அண்ணா" என்று சொல்லிவிடுங்கள். ஓட்டுபவருக்கும் அது நிம்மதி.

ஆரம்பாக்கம் குமார்:
நன்றி அண்ணா, நன்றி அக்கா. காரிலேயே வருகிறேன். அன்றே நேலப்பட்டு பறவைகள் சரணாலயத்தையும் பார்த்துவிடலாமா?

சூளூர்ப்பேட்டை ரவி:
பார்க்கலாம், பக்கம்தான். நீர்க்கடம்பு மரங்களில் கூழைக்கடாக்கள் கூடு கட்டியிருக்கும் பருவம். கரையிலிருந்தே நன்றாகத் தெரியும். டிரோன் மட்டும் கொண்டுவராதீர்கள். தாய்ப்பறவை கூட்டைவிட்டு எழுந்தால் குஞ்சு வெயிலில் கிடக்கும்.