நவம்பர் கணக்கு: 12 பிளாக் ஆச்சு, குயில்ட் ஆகலை. டிசம்பருக்கு இலக்கு எப்படி வைப்பது?

நூல்கண்டு:

தோழிகளுக்கு வணக்கம். மாதக் கடைசிக் கணக்கு இது. நவம்பருக்கு வைத்த இலக்கு மூன்று: ஒரு குழந்தை குயில்ட் (மூன்று அடுக்கு வைத்துத் தைக்கும் ஒட்டுத்துணிப் போர்வை) முழுசாக, சாப்பாட்டு மேஜைக்கு ஆறு தட்டு விரிப்பு, துண்டுத்துணிப் பெட்டியை நிறம் பார்த்து அடுக்குவது. பெட்டி அடுக்கியாயிற்று. விரிப்புக்குத் துணி வெட்டியதோடு நிற்கிறது. குயில்டில் பிளாக், அதாவது துண்டுகள் சேர்த்த சதுரங்கள், எல்லாம் தைத்தாயிற்று, அதற்கு மேல் நகரவில்லை.

பிளாக்கின் வடிவம் ஸாடூத் ஸ்டார், நடுவில் சதுரமும் சுற்றி முக்கோண முனைகளும் உள்ள நட்சத்திரம். இணைத்த பிறகு 12 அங்குலம் வர வேண்டும், அதாவது இப்போது தையலுக்கு விட்ட ஓரத்தோடு 12½ இருக்க வேண்டும். குறுக்கே மூன்று, நெடுக்கே நான்கு அடுக்கினால் 36 × 48. அளந்து பார்த்தால் 7 பிளாக் 12½, மற்ற 5 பிளாக் 12¼. துணி பாப்ளினும் மதுரைச் சுங்குடியும். பாப்ளின் அலசிய பிறகு வெட்டியது, சிவப்புச் சுங்குடி அலசாதது. நடுவில் வைக்க 150 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 150 கிராம்) பாலியஸ்டர் பஞ்சு ஷீட் இருக்கிறது. வீட்டு மோட்டார் மிஷின், வாக்கிங் ஃபுட் (மேல், கீழ் அடுக்குகளைச் சேர்த்து நகர்த்தும் அழுத்துக்கால்) உண்டு.

வீட்டில் சாப்பாட்டு மேஜைதான் வெட்டும் மேஜை. டிசம்பரில் பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வு, மழையும் விடாது. தை பிறந்ததும் குயில்ட் கைமாற வேண்டும்.

எல்லா பிளாக்கையும் 12¼க்கு நறுக்கிவிடலாமா? டிசம்பர் இலக்கை எப்படிப் பிரித்தால் நடக்கும்?

கால் அங்குலம்:

நறுக்காதீர்கள். ஸாடூத் ஸ்டாரில் முக்கோணத்தின் முனை பிளாக் ஓரத்திலிருந்து சரியாக ¼ அங்குலம் உள்ளே நிற்கும். அந்த ¼ அங்குலம் இணைப்புத் தையலுக்குள் போன பிறகுதான் முனை கூராகத் தெரியும். 12½ இருக்கும் பிளாக்கை 12¼ ஆக்கினால் ஒவ்வொரு பக்கமும் ⅛ போகும். இணைக்கும்போது நட்சத்திர முனைகள் அத்தனையும் மழுங்கும். சரியாக வந்த 7 பிளாக்கையும் கெடுக்கிற வேலை அது. அதற்காக 12¼ஐ 12½ஓடு இழுத்துத் தைக்கவும் வேண்டாம். ⅛ வித்தியாசம் என்றால் ஊசி குத்திச் சமாளிக்கலாம், ¼ என்றால் சுருக்கம் விழும்.

வழி இருக்கிறது. ஒவ்வொரு பிளாக்கையும் சுற்றி 1¼ அங்குல அகலப் பட்டி தையுங்கள். முதலில் எதிரெதிரான இரண்டு பக்கம், அப்புறம் மற்ற இரண்டு. சின்ன பிளாக் 13¾ ஆகும், பெரியது 14 ஆகும். பிளாக்கின் நடுப்புள்ளியிலிருந்து நாலு பக்கமும் அளந்து எல்லாவற்றையும் 13½க்கு வெட்டுங்கள். இணைத்தபின் பெரிய பிளாக்கின் பட்டி ½ அங்குலம் தெரியும், சின்னதின் பட்டி ⅝ தெரியும். அந்த ⅛ வித்தியாசம் கண்ணுக்குப் படாது. பக்கத்து பிளாக் முனையோடு முனை பொருத்துகிற வேலையும் மிச்சம்.

மொத்த அளவு 39 × 52 ஆகும். பட்டிக்கு 44 அங்குலப் பன்னா (அகலம்) துணியில் 16 கீற்று வேண்டும், அதாவது 20 அங்குல நீளம். சுருங்குவதையும் சேர்த்து முக்கால் மீட்டர் வாங்குங்கள். எல்லா பிளாக்குக்கும் ஒரே நிறம் போடுங்கள், அதுவும் அடர்நிறமாக இருந்தால் நட்சத்திரம் எடுப்பாக நிற்கும்.

இனி அந்த 5 பிளாக் ஏன் குறைந்தது என்பது. பிளாக்கின் குறுக்கே இரண்டு தையல்தான் ஓடுகிறது. தையல்கோடு 1/16 அங்குலம் உள்ளே தள்ளிப் போனால், இரண்டு துணியிலும் சேர்த்து ஒரு தையலுக்கு ⅛ தின்னும். இரண்டு தையலுக்கு ¼. உங்கள் 5 பிளாக்கும் அப்படியே அந்தக் கணக்குக்குப் பொருந்துகின்றன. சாதாரண ஃபுட்டின் வலது ஓரம் பெரும்பாலான மிஷினில் ஊசியிலிருந்து ¼ அங்குலத்துக்கு மேல்தான் இருக்கும், அதை நம்பித் தைக்கக் கூடாது. ஸ்கேலை ஃபுட்டுக்கு அடியில் வைத்து, ¼ கோட்டின் மேல் ஊசியைக் கையால் இறக்கி, ஸ்கேலின் ஓரத்தை ஒட்டி மிஷின் தட்டில் பேப்பர் டேப்பை ஏழெட்டு அடுக்கு ஒட்டுங்கள். துணி அந்தச் சுவரை உரசிப் போக வேண்டும்.

பிறகு சோதனை: 1½ அங்குலக் கீற்று மூன்றைச் சேர்த்துத் தைத்து, தேய்த்து, அளக்க வேண்டும். மொத்தம் 3½, நடுக்கீற்று சரியாக 1 அங்குலம். நடுக்கீற்று குறைந்தால் டேப்பை ஊசிப் பக்கம் ஒரு நூலளவு நகர்த்துங்கள். துணி மடிகிற இடத்தில் ஓர் இழை பருமன் போய்விடுவதால் ¼ஐ விட மயிரிழை குறைவாகத் தைத்தால்தான் கணக்கு சேரும்.

முக்கோணத் துண்டுகளையும் ஒருமுறை பாருங்கள். ஒரு 7¼ சதுரமும் நான்கு 3⅞ சதுரமும் வைத்து நாலு துண்டாகத் தைத்திருந்தால் ஒவ்வொன்றும் 3½ × 6½ இருக்க வேண்டும். பிளாக்கில் சேர்ப்பதற்கு முன்பே அதை அளந்து சீவ வேண்டும், பிளாக் ஆன பிறகு சீவ இடமில்லை.

மாடித் தையல்:

அளவுக்குப் பதில் வந்துவிட்டது, நான் மாதக் கணக்கைப் பற்றிச் சொல்கிறேன். ‘ஒரு குயில்ட்’ என்று எழுதுவது இலக்கு ஆகாதுங்க. அதுக்குள்ளே ஆறேழு வேலை இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் வீட்டில் வேற வேற இடம், வேற வேற நேரம் வேணும். வெட்டுறதுக்கு மேஜை முழுசா காலியா இருக்கணும், நடுவில் எழுந்தா அளவு தப்பும். துண்டு சேர்த்துத் தைக்கிறது அரை மணி கிடைச்சாலும் நடக்கும். மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூணு அடுக்கையும் பரப்பிப் பிணைக்கிறதுக்குத் தரை வேணும், ஒரே மூச்சில் முடிக்கணும். அந்த அடுக்குகளைச் சேர்த்துத் தைக்கிற குயில்டிங் தையலுக்கு மிஷினுக்கு இடப்பக்கமும் பின்பக்கமும் தாங்கு மேஜை வேணும், இல்லேன்னா தொங்குற கனம் துணியை இழுத்துத் தையலைக் கோணலாக்கும். குயில்ட் விளிம்பை மூடுற ஓரப்பட்டியின் பின்பக்கம் மட்டும்தான் பிள்ளைகள் படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கையால் தைக்கக்கூடிய வேலை.

உங்க நவம்பர் பட்டியலிலேயே இது தெரியுது. அரை மணி வேலை எல்லாம் முடிஞ்சிருக்கு, தரையும் மேஜையும் கேட்கிற வேலை நின்னிருக்கு. அதனால டிசம்பரை இப்படி வையுங்க. முதல் வாரம், தேர்வு தொடங்குறதுக்குள்ளே, பட்டி மொத்தத்தையும் வெட்டிடுங்க. அதே மேஜையில ஓரப்பட்டிக்கு 2½ அங்குலக் கீற்றும் வெட்டணும். சுற்றளவு 182, மூலை மடிப்புக்கும் முடிப்புக்கும் 12 சேர்த்தா 194 அங்குலம். குறுக்கு இணைப்பில் போறதையும் பார்த்தா 5 கீற்று இழுபறி, 6 வெட்டினா நிம்மதி. அரை மீட்டர் துணி. தேர்வு நாட்களில் பட்டி தைக்கிறது, பிளாக் இணைக்கிறது. விடுமுறை விட்டதும் தரை வேலையும் குயில்டிங்கும். ஓரப்பட்டியின் கைத்தையல் ஜனவரி முதல் வாரத்துக்குப் போகட்டும். தட்டு விரிப்பை டிசம்பர் பட்டியலிலிருந்தே எடுத்துடுங்க, வெட்டின துணியை அளவுச் சீட்டோட ஒரு கவரில் போட்டு வையுங்க.

இன்னொண்ணு முக்கியம். அடுக்கிப் பிணைச்ச குயில்டை மழைக்காலத்தில் வாரக்கணக்கில் மடிச்சு வைக்காதீங்க. சேஃப்டி பின் ஈரக்காத்துக்கே துரு பிடிக்கும், அந்தப் பழுப்புப் புள்ளி துணியை விட்டுப் போகாது. நாலு அங்குலத்துக்கு ஒரு பின், அதாவது கையை எங்கே விரிச்சு வெச்சாலும் ஒரு பின் தட்டுப்படணும். பின் குத்தினா அந்த வாரமே தைச்சு முடிங்க. முடியாதுன்னு தெரிஞ்சா பின் குத்தவே வேண்டாம், வெள்ளை நூலில் பெரிய ஓட்டுத்தையல் போட்டுப் பிணைச்சா எத்தனை நாளும் இருக்கும்.

சுங்குடிப் பிரியை:

சிவப்புச் சுங்குடியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. மிச்சத் துண்டு ஒன்றை வெந்நீரும் சோப்புத்தூளும் கலந்த கிண்ணத்தில் அரை மணி ஊறவையுங்கள். பிறகு பிழியாமல் எடுத்து வெள்ளைத் துணியின் மேல் வைத்துக் காயவிடுங்கள். வெள்ளையில் கறை ஏறினால் குயில்டிலும் ஏறும். உப்பும் வினிகரும் போட்டால் சாயம் நிற்கும் என்று சொல்வார்கள். வினிகர் பட்டுக்கும் கம்பளிக்கும் ஏற்றிய சாயத்துக்குத்தான் உதவும், பருத்திச் சாயத்தை அது பிடித்து நிறுத்தாது.

சாயம் விடுகிறது என்று தெரிந்தாலும் பிளாக்குகளைத் தனித்தனியாக அலசாதீர்கள். ¼ அங்குல ஓரம் இழை இழையாகப் பிரிந்துவிடும். குயில்ட் முடிந்த பிறகு பெரிய அண்டாவில் நிறையத் தண்ணீரும் சோப்பும் விட்டு, துணி மிதக்கும்படி அலசுங்கள். சாயத்துக்குத் தண்ணீரில் இடம் வேண்டும், தண்ணீர் குறைந்தால் பக்கத்துத் துணியில்தான் ஏறும். தண்ணீர் தெளிகிற வரை மாற்றிவிட்டு, எடுத்த உடனே விரித்துக் காயப்போடுங்கள். ஈரத்தோடு குவித்து வைப்பதுதான் பெரும்பாலும் கறைக்குக் காரணம்.

சுங்குடி பாப்ளினை விட மெல்லிசு, மிஷின் பல்லில் இழுபடும். இனி வெட்டும் துணிக்கு வடிகஞ்சியை நீர்க்கக் கரைத்து முக்கி, காயவைத்துத் தேய்த்து வெட்டுங்கள். முக்கோணத்தின் குறுக்குவெட்டு ஓரம் இழுபடாமல் நிற்கும். தேய்க்கும்போது இஸ்திரிப் பெட்டியை ஓட்டாமல் தூக்கித் தூக்கி வைக்க வேண்டும். கஞ்சி போட்ட துணியை அலசாமல் பீரோவில் மாதக்கணக்கில் வைக்காதீர்கள், ராமபாணப் பூச்சி அரிக்கும்.

நூல்கண்டு:

மூவருக்கும் நன்றி. பட்டி யோசனையையே எடுத்துக்கொள்கிறேன். ஒரு சந்தேகம்: 39 × 52 என்றால் அடித்துணிக்கு 44 பன்னா போதாதே? குயில்டிங் தையல் என்ன இடைவெளியில் போடலாம்?

கால் அங்குலம்:

சுற்றிலும் 2 அங்குலம் கூடுதல் வேண்டும், ஆகவே 43 × 56. 44 பன்னா அலசி, ஓரக்கரை வெட்டினால் 42தான் தேறும். நடுவில் இணைப்புப் போடுவதை விட ஒற்றை வேட்டி ஒன்று எடுங்கள். 50 அங்குல அகலம், 2 மீட்டர் நீளம் இருக்கும், கரையை வெட்டினாலும் தாராளம். பழகிய வேட்டி என்றால் இன்னும் நல்லது, குழந்தை உடம்புக்கு உறுத்தாது. கிழிகிற அளவுக்கு நைந்ததாக மட்டும் இருக்கக் கூடாது, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

தையல் எளிதாகவே இருக்கட்டும். முதலில் பட்டிகள் சேரும் கோடுகளிலிருந்து ¼ அங்குலம் தள்ளி நெடுக்கே, பிறகு குறுக்கே. நடுக்கோட்டில் தொடங்கி வெளியே போக வேண்டும். எல்லாக் கோட்டையும் மேலிருந்து கீழாக ஒரே திசையில் தையுங்கள். ஒன்று மேலே, அடுத்தது கீழே என்று போனால் இரண்டு கோட்டுக்கும் நடுவில் துணி சாய்வாக இழுபட்டு வரிவரியாகச் சுருங்கும். பிளாக்குக்குள் நட்சத்திர நடுச் சதுரத்தைச் சுற்றி ஒரு கோடு, மூலைக்கு மூலை இரண்டு கோடு போட்டால் பஞ்சு நகராது. 14 நம்பர் ஊசி, தையல் நீளம் 3 மில்லிமீட்டர். துண்டு சேர்க்க 2 அல்லது 2½ போதும். கோடு தொடங்கும் இடத்தில் பாபின் நூலை மேலே இழுத்துவிட்டுத் தொடங்குங்கள், இல்லையென்றால் அடியில் கூடு கட்டும்.

பஞ்சைப் பற்றி என் கருத்து: 150 ஜிஎஸ்எம் நம் ஊர்க் குழந்தைக்குக் கொஞ்சம் அதிகம். 100 கிடைத்தால் மாற்றுங்கள். இருப்பதையே போட்டால் அலசியதும் மின்விசிறிக் காற்றிலேயே சீக்கிரம் காயும், மழைக்காலத்துக்கு அது வசதி.

இழையோட்டம்:

தட்டு விரிப்பைத் தள்ளிவைக்கச் சொன்னது சரி. ஆனால் கைக்கு ஒரு சின்ன வேலை வேண்டும் என்றால் கர்நாடகத்து வடகன்னடத்தில் சித்தி என்னும் ஆப்பிரிக்க வம்சாவளிச் சமூகத்துப் பெண்கள் தைக்கும் கவந்தி என்ற ஒட்டுத்துணிப் போர்வை முறையை அதே துணியில் செய்து பாருங்கள். மிஷின், மேஜை, பின் எதுவும் வேண்டாம். பழைய பருத்திச் சேலைத் துண்டு அடியில், நடுவில் இன்னொரு மடிப்பு, அவ்வளவுதான். ஒரு மூலையில் தொடங்கி, அடித்துணியின் ஓரத்தை ½ அங்குலம் உள்ளே மடித்து, துண்டுத்துணியின் ஓரத்தையும் மடித்து மேலே வைத்து, ஓட்டுத்தையலில் சுற்றிக்கொண்டே போக வேண்டும். அடுத்த துண்டு முந்தையதின் மேல் ½ அங்குலம் ஏறி உட்காரும். வெளிச்சுற்று முடிந்ததும் உள்சுற்று, இப்படியே நடுவில் வந்து முடியும். நாலு மூலையிலும் மடித்த சிறு துணிப்பூ வைத்துத் தைப்பது அவர்கள் வழக்கம்.

தட்டு விரிப்பு 12 × 18 என்றால் சுற்றுக்குச் சுற்று ஒரு விரல் இடைவெளி போதும். எம்ப்ராய்டரி நூலில் மூன்று இழை, அல்லது 8 நம்பர் பர்ல் நூல். நூலைச் சுண்டி இழுக்காதீர்கள், விரிப்பு கிண்ணமாக மேலே வளையும். பாலிகாட்டன் சேலை வேண்டாம். ஓர் இழையை உருவிக் கொளுத்திப் பாருங்கள்: பருத்தி காகிதம்போல எரிந்து சாம்பலாகும், பாலியஸ்டர் கலந்தால் உருகிக் கெட்டி மணியாக நிற்கும். அந்த விரிப்பில் சூடான பாத்திரம் வைக்க முடியாது.