புதுப்பிப்பு: கூளம் ஈரமான விஷயம், குற்றவாளி உப்புதான்

போன மாசம் இங்கே புலம்பியிருந்தேன்: கறிக்கோழி ஷெட்டில் தரையில் பரப்பியிருக்கிற கூளம் சொதசொதன்னு இருக்கு, அமோனியா கண்ணைக் கரிக்குது, தீவனத்தில் ஜியோலைட்ங்கிற தாதுப் பொடியைக் கலக்கலாமான்னு. பாதிப் பேர் கலக்குங்கன்னீங்க, பாதிப் பேர் வேண்டாம்னீங்க.

கலந்தேன், 1 சதவீதம். வாடை கொஞ்சம் குறைஞ்சது, ஈரம் போகலை. ஜியோலைட்டோட நுண்துளைகள் அம்மோனியத்தைப் பிடிச்சு வைக்கும். கோழி குடிச்சுத் தள்ளுற தண்ணியை அது எப்படி நிறுத்தும்?

அப்புறம்தான் தீவனத்தில் சேர்க்கிற தாது உப்புக் கலவைப் பையைத் திருப்பிப் படிச்சேன். அதிலேயே உப்பு சேர்த்திருக்காங்க. நான் அது தெரியாம தனியா உப்பு, போதாக்குறைக்குச் சோடா உப்பு வேற கலந்திருக்கேன். சாதாரண உப்பில் கிட்டத்தட்ட 39 சதவீதம் சோடியம், சோடா உப்பில் 27. சோடியம் கூடினா கோழி தண்ணியாக் குடிக்கும், எச்சமும் தண்ணியாப் போகும். (யாரோ ஒருத்தர் முதல் பதிலிலேயே "உப்பைப் பாருங்க"ன்னு சொன்னீங்க. நான்தான் காதில் வாங்கலை.)

கணக்குப் போட்டுத் தனி உப்பை நிறுத்தினேன். நனைஞ்ச கட்டிகளை வாரி வெளியே போட்டேன், கோழி தண்ணி குடிக்கிற குழாயில் ஒழுகின ரெண்டு நிப்பிளையும் மாத்தினேன்.

இன்னைக்குக் காலையில் ஒரு பிடி கூளத்தை அள்ளி இறுக்கிப் பிடிச்சேன். முன்னாடி கொழுக்கட்டை மாதிரி நிற்கும். இப்போ கையை விரிச்சதும் உதிருது. ஈரக் கூளத்தால் கோழிக்கு வர்ற பாதப் புண் புதுசா எதுவும் கண்ணில் படலை. பழைய புண்கள் மட்டும் கருந்தழும்பா அப்படியே இருக்கு.

ஜியோலைட்டை நிறுத்தலை. ஆனா அடுத்த தொகுதிக் கோழிகளுக்குத் தீவனத்தில் வேண்டாம், கூளத்து மேலேயே தூவிப் பார்க்கப் போறேன்.