கொரியாவில் மகன் வீட்டு எலி: முதுகில் கறுப்புக் கோடு

சிப்புட் அம்மா:
வணக்கம், நாங்க மலேசியாவில் சுங்கை சிப்புட். பையன் கொரியாவில் படிக்கிறான், வயல்காட்டுப் பக்கம் பழைய வீட்டில் வாடகை. ஸ்டோரில் எலின்னு படம் அனுப்பினான். செம்மண் நிறம், பிடரியிலிருந்து வால்வரை மை தீட்டினாற்போல ஒரே கோடு. அழகா இருக்குன்னு பிஸ்கட் வேற வைக்கிறானாம்! நம்ம தோட்டத்து லயத்து வீடுகளில் இப்படி ஒன்றைக் கண்டதே இல்லை. கடிக்குமா?

பழைய கிராணி:
தங்கச்சி, முதல்ல பிஸ்கட்டை நிறுத்தச் சொல்லுங்க. கடியைவிட மூத்திரமும் புழுக்கையும்தான் வில்லங்கம்.

அது அப்போடெமஸ் அக்ராரியஸ், கோடு போட்ட வயலெலி. நடு ஐரோப்பாவிலும், அந்தப் பக்கம் சீனா, கொரியா, தைவானிலும் காட்டோரம், புல்வெளி, வயல்னு திரியும். நம்ம நாட்டில் கிடையாது. செம்பனைக் குலையைக் கரம்புறது வேற ஜாதி, உடம்பும் பெரிசு. தோட்டத்து எலி மருந்துக் கணக்கும், எலி பிடிக்கிற ஆந்தைக்கு வைக்கிற கூட்டுப் பெட்டிக் கணக்கும் எழுதியே தேய்ஞ்ச கை இது, அதான் சொல்றேன்.

கொரியப் போர் சமயம், 1951லிருந்து 1953க்குள், ஐ.நா. படையில் சுமார் 3,000 பேர் காய்ச்சலில் விழுந்தாங்க. ரத்தக்கசிவு, சிறுநீரகம் நின்னுபோறது, சாவு. காரணம் பிடிபடலை. 1976ல்தான் லீ ஹோ வாங் என்ற கொரிய விஞ்ஞானி இதே எலியின் நுரையீரலில் கிருமியைப் பிடிச்சார். அங்கே ஓடுற ஹந்தான் ஆத்துப் பேரையே வச்சு ஹந்தான் வைரஸ்னாங்க.

கூலிம் தம்பி:
நம்ம ‘கென்சிங் தீக்குஸ்’, அதான் எலி மூத்திரக் காய்ச்சல்தானே அங்கிள்? ஆன்டிபயாடிக் போட்டா சரியாகிடும்ல?

பழைய கிராணி:
இல்லப்பா. நம்ம ஊர்ல அது பாக்டீரியா, வெள்ளத் தண்ணி, சேறு வழியா வரும். அங்கே காய்ஞ்ச புழுக்கை தூசியாகி மூச்சில் ஏறும். வைரஸ், ஆன்டிபயாடிக் கேட்காது. எல்லா எலியிடமும் இருக்காது, ஆனா பார்த்துச் சொல்ல முடியாதே.

அதனால விளக்குமாத்தைத் தொடவே கூடாது. கதவு சன்னலைத் திறந்துவிட்டு, கையுறை, முகக்கவசம் போட்டு, குளோரோக்ஸ் (பிளீச்) கலந்த தண்ணியில் நல்லா நனைச்சு, ஊறவிட்டுத் துடைக்கணும். அரிசி மூட்டையை மூடிபோட்ட டப்பாவுக்கு மாத்தணும். இலையுதிர் காலத்தில் அங்கே நோய் கூடும், புல்லில் படுத்துப் புரளுற வேலையெல்லாம் வேண்டாம்.

சிப்புட் அம்மா:
ஏற்கெனவே ஸ்டோரை விளக்குமாத்தால கூட்டிட்டானாம் அண்ணே.

பழைய கிராணி:
பதறாதீங்க. பெரும்பாலும் 1லிருந்து 3 வாரத்துக்குள் தெரியும், சிலருக்கு இன்னும் தள்ளிப்போகும். காய்ச்சல், இடுப்புவலி, முகம் சிவக்கிறதுன்னு வந்தா அன்னைக்கே ஆஸ்பத்திரி. ‘ஸ்டோரில் எலி இருந்துச்சு, கூட்டினேன்’னு அவனே வாயைத் திறந்து சொல்லணும், அங்குள்ள டாக்டர்களுக்குப் பழகின நோய்தான். தடுப்பூசி உண்டு. வயல் பக்கமே இருக்கப்போறான்னா போடலாமான்னு கேட்டு வைக்கட்டும்.