கோழியிலிருந்து வந்த மருந்தெதிர்ப்பா? சால்மொனெல்லா தொற்று குறித்து ஒரு ஐயம்

மொன்றியல்வாசி கேட்டது:

வணக்கம். என் மாமிக்கு வயது 72. சென்ற மாதம் சால்மொனெல்லா கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டதென்று அவரை மருத்துவமனையில் சேர்த்தோம். ஆய்வக அறிக்கையில் செஃப்ட்ரியாக்சோன் என்ற நுண்ணுயிர்க்கொல்லி ஊசிமருந்துக்கு நேரே ‘எதிர்ப்புள்ளது’ என்று இருந்தது. மருத்துவர் அந்த வரியைப் பேனாவால் வட்டமிட்டுவிட்டு வேறு மருந்துக்கு மாறினார். மாமி தம் வாழ்நாளில் அந்த ஊசியைப் போட்டுக்கொண்டதே இல்லை. கோழிப்பண்ணையில் போடும் மருந்துதான் காரணம் என்று உறவினர்கள் அடித்துச் சொல்கிறார்கள். இதற்குச் சான்று ஏதும் உண்டா?

கால்நடை மருத்துவர் ஒருவரின் பதில்:

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். மருந்துக்குப் பழகியது உங்கள் மாமியின் உடல் அன்று, கிருமி. அது அவருடைய வயிற்றுக்குள் நுழையும்போதே அந்த எதிர்ப்போடு வந்திருக்கக்கூடும்.

உறவினர்கள் சொல்வதற்கு மிக வலுவான சான்று நீங்கள் வாழும் கனடாவின் கியூபெக் மாகாணத்திலேயே இருக்கிறது. அங்குள்ள குஞ்சு பொரிப்பகங்களில், பொரிப்பதற்கு முன்பே முட்டைக்குள் தடுப்பூசி செலுத்தும்போது, குஞ்சுகளின் தொப்புள் அழற்சியைத் தடுக்கச் செஃப்டியோஃபர் என்ற மருந்தையும் சேர்த்துச் செலுத்திவந்தார்கள். மருந்தின் அனுமதிச் சீட்டில் இந்தப் பயன்பாடு இடம்பெற்றிருக்கவில்லை. செஃப்டியோஃபரும் செஃப்ட்ரியாக்சோனும் ஒரே குடும்பத்து மருந்துகள். ஒன்றை முறியடிக்கும் கிருமியின் நொதி மற்றொன்றையும் முறியடித்துவிடும். அந்த நொதிக்கான மரபணு பெரும்பாலும் பிளாஸ்மிட் எனப்படும் சிறு டி.என்.ஏ. வளையத்தில் அமர்ந்திருப்பதால், கோழிக் குடலில் வாழும் ஈ.கோலை என்ற பாக்டீரியாவிலிருந்து சால்மொனெல்லாவுக்கும் தாவ வல்லது.

2005இல் கியூபெக் பொரிப்பகங்கள் தாமாகவே இம்மருந்தை நிறுத்தின. அதற்கு முன் கடைக் கோழியிறைச்சியில் கிடைத்த ஹைடல்பெர்க் வகைச் சால்மொனெல்லாவில் 62 விழுக்காடு செஃப்டியோஃபருக்கு எதிர்ப்புக் காட்டியது. நிறுத்தியபின் அது 7 விழுக்காடாகச் சரிந்து, பயன்பாடு ஓரளவு மீண்டபின் 20 விழுக்காடாக ஏறியது. மனிதர்களிடம் கண்ட தொற்றிலும் எதிர்ப்பு இதனோடு ஒட்டியே இறங்கி ஏறியது. மருந்தை நிறுத்தினால் இறங்கி, தொடங்கினால் ஏறும் இத்தகைய இரட்டைச் சோதனை நம் துறையில் அரிதாகவே வாய்க்கிறது.

நுண்ணுயிர் ஆய்வகத்தில் பணிபுரியும் ஒருவரின் பதில்:

மேற்சொன்ன தரவை மறுக்கவில்லை. ஆயினும் அதை எல்லாச் சால்மொனெல்லாவுக்கும் பொதுவாக்கிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. டைஃபிமுரியம் டி.டி.104 என்ற சால்மொனெல்லா வகை ஆம்பிசிலின், குளோராம்ஃபெனிக்கால், ஸ்ட்ரெப்டோமைசின், சல்ஃபோனமைடு, டெட்ராசைக்ளின் என ஐந்து மருந்துகளை ஒருசேர எதிர்த்து, 1990களில் பல நாடுகளின் மாடுகளிலும் மனிதர்களிலும் பரவியது. மாட்டிலிருந்துதான் மனிதருக்கு வருகிறது என்று எல்லோரும் கருதியிருந்தோம். பெரும்பாலும் ஸ்காட்லாந்தில் 22 ஆண்டுகளாகச் சேமித்த 373 மாதிரிகளின் முழு மரபணுத் தொகுப்பை வரிசைப்படுத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வோ, அந்நாட்டுக் கால்நடைகளிலும் மனிதர்களிலும் இருந்தவை பெரும்பாலும் தனித்தனிக் கூட்டங்களாகவே வாழ்ந்தன என்றும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கடந்தவை சிலவே என்றும் காட்டியது. இறக்குமதி உணவும் வெளிநாட்டுப் பயணமும் மனிதர்களுக்கு வேறு வழிகளாக இருந்திருக்கலாம்.

ஆகவே எந்த வகைக் கிருமி, எந்த ஊர், எந்த உணவு என்று பாராமல் பண்ணையைக் கைகாட்டிவிட முடியாது. உங்கள் மாமியின் அறிக்கையில் சால்மொனெல்லாவின் வகை குறிப்பிடப்பட்டிருக்கிறதா? அண்மையில் அவர் பயணம் ஏதும் மேற்கொண்டாரா?

மொன்றியல்வாசி:

வகையின் பெயர் அறிக்கையில் இல்லை. நோய் தொடங்குவதற்குப் பத்து நாட்களுக்கு முன் அவர் கொழும்பிலிருந்து திரும்பினார். மருத்துவரும் இதையே கேட்டார். ஏன் கேட்கிறார் என்று அப்போது விளங்கவில்லை. இன்னொன்று: எதிர்ப்புள்ள கிருமி சமையல் சூட்டையும் தாங்குமா? மாமி கோழியை மஞ்சள் போட்டு மூன்று முறை கழுவாமல் அடுப்பில் ஏற்றமாட்டார்.

கால்நடை மருத்துவர்:

தாங்காது. மருந்தெதிர்ப்பு வேறு, வெப்பத்தைத் தாங்குவது வேறு. கோழித்துண்டின் நடுப்பகுதி 74 பாகை செல்சியஸை எட்டினால் எதிர்ப்புள்ள கிருமியும் எதிர்ப்பில்லாத கிருமியும் மடிந்துவிடும். உண்மையில் அந்த மூன்று முறைக் கழுவல்தான் எனக்குக் கவலையளிக்கிறது. குழாய் நீர் இறைச்சியில் பட்டுத் தெறிக்கும்போது கிருமி தொட்டியிலும் பக்கத்தில் வைத்த வெங்காயத்திலும் கொத்தமல்லித் தழையிலும் போய் ஒட்டுகிறது. அவற்றுள் பச்சையாக உண்பவை அடுப்பைப் பார்ப்பதே இல்லை.

ஆய்வகப் பணியாளர்:

கிருமி உள்ளே சென்று பொதுவாக 6 முதல் 72 மணி நேரத்துக்குள் வயிற்றுப்போக்கு தொடங்கிவிடும் என்பதால், கொழும்பில் தொற்றியது என்று கொள்ள, பத்து நாள் இடைவெளி சற்று நீளம்தான். எனினும் அறிகுறியின்றிக் குடலில் தங்கியிருந்து பின்னர் இரத்தத்தில் கலப்பதும் முதியவர்களிடம் நிகழக்கூடியதே. மருத்துவரிடம் வகைப்பெயரைக் கேட்டுப் பாருங்கள். ஹைடல்பெர்க் என்று வந்தால் கோழியின் மீது என் ஐயம் கூடும்.