ஸ்குவாட்டில் எடை கூடியும் பனித்தளத்தில் வேகம் கூடாதது ஏன்?

கேள்வி: ஐஸ் ஹாக்கி பருவம் தொடங்க மூன்று மாதங்கள் உள்ளன. ஸ்குவாட்டில் (எடை சுமந்து உட்கார்ந்தெழும் பயிற்சி) தூக்கும் எடை கூடிவந்தாலும், தொடக்க அடிகளின் வேகம் அப்படியே இருக்கிறது. எதை மாற்றலாம்?

பதில் 1: ஸ்கேட்டிங்கில் உந்துவிசை பெரும்பாலும் ஒற்றைக் காலிலிருந்து பக்கவாட்டில் பிறப்பதால், ஒற்றைக்கால் ஸ்குவாட்டையும் பக்கவாட்டுத் தாவலையும், களைப்படையும் முன்பே, குறைந்த எண்ணிக்கையில் முழு வேகத்துடன் செய்யுங்கள்.

பதில் 2: உள்தொடையைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அதன் வலிமை, காலை வெளிப்புறம் விரிக்கும் இடுப்புத் தசைகளின் வலிமையில் 80 விழுக்காட்டுக்குக் கீழே இருந்த தொழில்முறை வீரர்களுக்குக் கவட்டுத் தசைக் காயம் மிகுதியாக ஏற்பட்டதை ஓர் ஆய்வு காட்டியுள்ளது. உள்தொடைக்கான கோபன்ஹேகன் பயிற்சி (பக்கவாட்டில் படுத்து, மேல்காலின் கணுக்காலைப் பெஞ்சு போன்ற தாங்கலில் வைத்து உடலை உயர்த்துவது) கடினம்தான். முழங்காலைத் தாங்கலில் வைத்துத் தொடங்கலாம்.

பதில் 3: வீரர்கள் மாறிமாறிக் களமிறங்கும் இந்த ஆட்டத்தில், ஒருமுறை இறங்கினால் ஏறக்குறைய 45 விநாடிகளே ஆடுகிறோம். ஆகவே நெடுந்தூர ஓட்டத்தைவிட, இடைவெளி விட்ட விரைவோட்டமே பொருந்தும்.